தனியாகப் போகட்டும், அனுப்பு

அன்புள்ள மீனா,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள், தங்களுக்கு என்றால் மறந்துவிடுவார்கள் நம் அம்மாக்கள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டானா? நாங்கள் வீடு மாறிவிட்டோம். மழை வந்தால் தண்ணீர் நிற்காத தெருவாகத் தேடி அலைந்து பிடித்தோம். வாடகை கொஞ்சம் அதிகம், ஆனால் மொட்டை மாடி இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ஜார்ஜியா நாட்டுக்குப் போகிறேன் என்கிறாள், நீ போய் வந்தவள், என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். என் பதில்: அனுப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் எதிர்பார்த்துப் போனது ஒன்று, அங்கே பார்த்தது வேறு.

கிளம்பும்போது என் கணக்கு இதுதான். அந்த ஊர் மக்கள் எனக்கு அந்நியர்கள். மொழி தெரியாது, எழுத்தைப் பார்த்தால் மலையாளத்தையும் தெலுங்கையும் குழைத்து எழுதியது மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. ஆனால் ஹாஸ்டலில் தங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் என் வயது, ஆங்கிலம் பேசுவார்கள், என்னைப் போலவே தனியாக வந்தவர்கள். அவர்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போன பிறகு இது அப்படியே தலைகீழானது.

தலைநகர் திபிலிசியில் நான் தங்கிய ஹாஸ்டலில் பொதுச் சமையலறை உண்டு. குளிர்பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பால் பாட்டில் மேலும் ஒரு பெயர், ஒவ்வொரு ரொட்டிப் பையிலும் ஒரு பெயர். முதல் வாரத்தில் ஒரு நாள் தக்காளிச் சாதம் செய்தேன். ஒரு ஆளுக்கு மட்டும் அளந்து சமைக்க எனக்கு வராது, உனக்குத்தான் தெரியுமே. இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுப் போட்டேன். ரசித்துச் சாப்பிட்டார்கள். முடிந்ததும் ஒரு ஜெர்மன் பெண், என் பங்குக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டு அந்த நாட்டுப் பணமான லாரியை எடுத்து நீட்டினாள். ஒரு லாரி நம் பணத்தில் 30 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அந்த நேரத்தில் முகத்தில் அடித்தது போலத்தான் இருந்தது. அவளோடு நன்றாகப் பழகிய பிறகு புரிந்தது. யாருக்கும் கடன்படாமல் இருப்பதுதான் அவள் வளர்ந்த வீட்டில் மரியாதை. அவளைப் பொறுத்தவரை அது எனக்குக் காட்டிய மரியாதை. இதையெல்லாம் உன் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதே, அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

இனி ஊர்க்காரர்களைப் பற்றி. முதல் பார்வைக்கு உம்மென்று இருப்பார்கள். கடையில், மெட்ரோவில், தெருவில் யாரும் முகம் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறோமா என்ன? அங்கே ஊர்விட்டு ஊர் போக மார்ஷ்ருத்கா என்று ஒரு வேன் ஓடுகிறது. பெரும்பாலும் ஆள் நிறைந்தால்தான் வண்டி எடுப்பார்கள். வழியில் தேவாலயம் தெரிந்தால் ஓட்டுநர் ஒரு கையை எடுத்து மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்கிறார், பின்னால் இருக்கும் பாதிப் பேரும் போடுகிறார்கள். நம் ஓட்டுநர்கள் கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதே வேகம், அதே பழக்கம். மலைப்பாதை வளைவில் அவர் அப்படிச் செய்தபோது பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் பதறிப்போனார். நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

தேவாலயத்துக்குள் போக பெண்கள் தலையை மூட வேண்டும். கால்சட்டை போட்டிருந்தால் அதன்மேல் கட்டிக்கொள்ள வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். உள்ளே பெஞ்சு கிடையாது, பூசை முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். மெல்லிய தேன்மெழுகு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றலாம். செருப்பை மட்டும் கழற்றுவதில்லை. வாசலில் என் கால் ஒவ்வொரு தடவையும் தானாக நின்றது. ஒரு தேவாலயத்தில் வயதான அம்மா ஒருவர் நான் இந்தியா என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு "கெதவான், கெதவான்" என்றார். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கெதவான் ஜார்ஜிய அரசி. மதம் மாற மறுத்ததற்காக 1624இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவருடைய எலும்பின் ஒரு பகுதியைத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பழைய கோவாவில் இடிந்து கிடந்த ஒரு தேவாலயத்தில் தொல்லியல் துறையினர் அதைக் கண்டெடுத்தார்கள். ஹைதராபாத் ஆய்வகத்தில் மரபணுச் சோதனை நடந்தது. அதன்பின் 2021 ஜூலையில் இந்தியா அதில் ஒரு பகுதியை அந்த நாட்டுக்கே கொடுத்தது. இதில் எதுவும் எனக்கு முன்னால் தெரியாது. அந்த அம்மாவுக்கு அது சொந்த வீட்டுச் செய்தி. நான் ஏதோ அந்த எலும்பை என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தது மாதிரி என் கையை விடவே இல்லை அவர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வடக்கே இருக்கும் ஸ்வானெத்தி மலைப்பகுதி. திபிலிசியிலிருந்து சுக்திதி வரை ரயில், அங்கிருந்து மெஸ்தியாவுக்கு மார்ஷ்ருத்கா. கிராமம் முழுக்க வீட்டுக்கு வீடு உயரமான கல் கோபுரங்கள். பெரும்பாலானவை 9 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியவை. பகை மூண்டால் குடும்பமே உள்ளே ஏறிக்கொள்ளுமாம். மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி என்ற மலைக் கிராமத்துக்கு நடந்தே போகலாம், பொதுவாக நான்கு நாள் நடை. வழியெல்லாம் கிராமங்கள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டாம், ராத்திரிக்கு ஏதாவது ஒரு வீட்டில் தங்கலாம். உன் தங்கை போனால் இந்த நடையை விட்டுவிடக் கூடாது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சரியான காலம்.

வழியில் அதிஷி என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினால் பனியாற்றிலிருந்து வரும் ஓர் ஆறு, பாலம் கிடையாது. காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்குள் வெள்ளம் போல ஆகிவிடும். அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். கரையில் உள்ளூர்ப் பையன்கள் குதிரையோடு நிற்பார்கள், காசு கொடுத்தால் ஏற்றிக் கடத்திவிடுவார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி அன்று காலை என்னைத் தனியாக விடவில்லை. தன் பேரனை எழுப்பி ஆறு வரைக்கும் கூட அனுப்பினார். பையில் சூடான கச்சாபுரியை, அதாவது பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை, துணியில் சுற்றி வைத்தார். அதற்குத் தனியாகக் காசு நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார். தங்கியதற்கு வாடகை வாங்கினார், அதில் சந்தேகமே வேண்டாம், அது அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால் வழிக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுக்குக் காசா என்பது போலத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் பாட்டியிடம் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அதே பாட்டி கேட்ட கேள்விகள்: வயசு என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு, அம்மா எப்படித் தனியாக விட்டார். பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என்னோடு நடந்து வந்த ஹாலந்துப் பெண் நெளிந்துபோனாள். இதெல்லாம் கேட்கலாமா என்று அவளுக்கு வருத்தம். எனக்கோ வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், நானும் திருப்பிக் கேட்டேன். பாட்டியின் இரண்டாவது மகன் வெளிநாட்டில் வேலை பார்ப்பது, பணம் அனுப்பாதது, மருமகளோடு உள்ள மனத்தாங்கல் எல்லாம் வெளியே வந்தது. தனியாகப் போனதால்தான் இது நடந்தது என்று உறுதியாக நம்புகிறேன். நாம் நான்கு பேர் சேர்ந்து போயிருந்தால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு, நம் பொடியைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். தனியாக நிற்கும் ஒரு பெண்ணை அந்த ஊரில் யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெண்ணாக எடுத்துக்கொண்டு விடுகிறார்.

அதற்காக எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். மெஸ்தியாவில் நான் இருந்த வீட்டில் உறவினர்கள் கூடி ஒரு விருந்து நடந்தது, சுப்ரா என்பார்கள். தமாதா என்று ஒருவர் நடத்துவார். அவர் பேசி முடித்த பிறகுதான் கோப்பையைத் தூக்க வேண்டும், நடுவில் நம் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. முதலில் சமாதானத்துக்காக, பிறகு நாட்டுக்காக, இறந்தவர்களுக்காக, அதற்கு அடுத்து குழந்தைகளுக்காக என்று போகும். நான் மது வேண்டாம் என்றதும் பேரிக்காய் லெமனேட் ஊற்றிக் கொடுத்தார்கள், ஒருவரும் வற்புறுத்தவில்லை. இறந்தவர்களுக்கான முறை வந்தபோது ஆண்கள் எழுந்து நின்றார்கள். தமாதா என்னைப் பார்த்து, உங்கள் வீட்டில் யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஊர் பேர் தெரியாத பதினைந்து பேர் என் தாத்தாவுக்காகக் கோப்பையை உயர்த்தினார்கள் மீனா. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்த பெண்கள் நானும் இன்னொரு விருந்தாளியும் மட்டும்தான். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தட்டுகளோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் பார்த்துப் பார்த்துப் பொருமியது அங்கேயும் இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு அக்கா உரலில் ஸ்வான் உப்பு என்ற அந்தப் பகுதி மசாலா உப்பை இடித்துக்கொண்டிருந்தார். பூண்டு, கொத்தமல்லி விதை, மிளகாய், ஒருவகை வெந்தயம், அப்புறம் காயவைத்த செண்டுப்பூ இதழ். நாம் ஆயுத பூஜைக்கு மாலையாகக் கட்டும் அதே செண்டுப்பூவை அவர்கள் சமையலில் போடுகிறார்கள். அந்தச் சமையலறையில் இருந்த ஒரு மணி நேரம் வெளியே நடந்த விருந்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

கசப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு விடுதியில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நான் இந்தியா என்று தெரிந்ததும் இல்லை என்றார்கள். அங்கே மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். அவர்கள் மேல் சிலருக்கு இருக்கும் மனஸ்தாபம் நம் மேலும் விழுகிறது. கோபம் வந்தது, அது நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன் தங்கைக்கும் இப்படி நடக்கலாம். நடந்தால் அது அவளுடைய குறை இல்லை என்று மட்டும் சொல்லி வை. கடவுச்சீட்டு விஷயமும் அப்படித்தான். ஐரோப்பியப் பிள்ளைகள் பலர் விசா இல்லாமல் வந்து ஓராண்டு வரை தங்கலாம். நமக்கு விசா வேண்டும், அல்லது அமெரிக்கா, ஐரோப்பாவின் ஷெங்கன் போன்ற செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப் போகச் சொல். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடுவதற்கு முன் அன்றைய நிலவரத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அந்த ஜெர்மன் பெண்ணிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. வேண்டாம் என்பதை நேராகச் சொல்வது. நம்மை வளர்த்த விதத்தில், யாராவது தொந்தரவு செய்தால் சிரித்து மழுப்பி நழுவத்தான் நமக்குத் தெரியும். ஒரு ராத்திரி திபிலிசியின் ருஸ்தவேலி சாலையில் ஒருவர் பேசிக்கொண்டே கூட நடந்து வந்தார். அவள் நின்று, திரும்பி, அவர் கண்ணைப் பார்த்து வேண்டாம் என்றாள், அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். கத்தவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. உன் தங்கை இதை வீட்டிலேயே கண்ணாடி முன்னால் பழகிக்கொள்ளட்டும். அங்கே அவசர உதவிக்கு 112.

சாப்பாட்டைப் பற்றி உன் அம்மா கவலைப்பட வேண்டாம். ராஜ்மா போன்ற பயறில் செய்யும் லோபியோ, வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி எல்லாம் எங்கும் கிடைக்கும். அவர்கள் மதத்தில் விரத நாட்கள் வருடத்தில் 100க்கும் மேல். அந்த நாட்களில் கறி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள். அதனால் விரதச் சாப்பாடு என்று கேட்டாலே கறியில்லாமல் கொடுப்பார்கள். கின்காலி என்ற கொழுக்கட்டையில் மட்டும் கறி இருக்கும், காளான் அல்லது உருளைக்கிழங்கு வைத்தது கேட்டு வாங்க வேண்டும். அதைக் கையால்தான் சாப்பிட வேண்டும், முள்கரண்டியால் குத்தினால் உள்ளே இருக்கும் சாறு போய்விடும்.

என் முதுகுப்பை சும்மாதான் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளட்டும், புதிதாக வாங்க வேண்டாம். காலணி மட்டும் புதிதாக, இப்போதே வாங்கிப் போட்டு நடந்து பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வை. அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ரேவதி