லாரிப் பயணத் திட்டத்தில் ஓட்டுநரின் உறக்கமும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரி புக்கிங் அலுவலகத்தில் பணிபுரியும் நான், வெளிமாநிலப் பயணத்துக்கு முன் தேசிய பெர்மிட், காப்பீடு, வாகனத் தகுதிச் சான்று, சரக்கை எடுத்துச்செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணு ஆவணமான இ-வே பில் ஆகியவை ஒன்றுவிடாமல் சரிபார்க்கப்படுவதை அன்றாடம் காண்கிறேன். ஆனால் ஓட்டுநர் எங்கே வண்டியை நிறுத்தி உறங்குவார் என்று எவரும் கேட்பதில்லை. முந்தைய நடையை விடியற்காலையில் முடித்துவிட்டுச் சிவந்த கண்களோடு அடுத்த டிரிப் ஷீட்டுக்கு (பயண விவரத் தாளுக்கு) கையெழுத்திடுபவரைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி நேரமாவது ஓய்வையும் வகுத்திருந்தது. இ-வே பில்கூடச் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம் தருகிறது. அவசரப்படுத்துவது சட்டமன்று, நாம்தான்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரியின் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்தால், முன்னே செல்லும் வாகனங்களுக்குத் தப்ப வழியில்லை. இத்தகைய இறக்கங்களையும், உயரம் குறைந்த பாலங்களையும், நகரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடையுள்ள நேரங்களையும், ஓய்விடங்களையும் குறித்த வழித்திட்டத்தை டிரிப் ஷீட்டுடன் இணைப்பதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்