எங்களுக்கு வந்திருப்பது எது என்று சொல்லுங்கள்: மகளிர் நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகளிர் நல மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 28. தங்கைக்கு 17, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்குமே சினைப்பையில் ‘நீர்க்கட்டி’, அதாவது பிசிஓஎஸ் (PCOS), என்று உங்களில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஊரில், அவளுக்குப் போன மாதம் வேறோர் ஊரில். அவள் சீட்டை வாங்கிப் படித்த அன்றே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் பழைய சீட்டிலும் அவளுடைய புதுச் சீட்டிலும் அதே வரிகள் இருந்தன. எடையைக் குறைக்கவும். தினமும் நடக்கவும். இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. 21 நாள் மாத்திரை, மூன்று மாதம்.

அவள் எடை 78 கிலோ. எனக்கு அந்தச் சீட்டை எழுதியபோது என் எடை 46.

போன மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஸ்கேன் என்றார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மதியம் வகுப்புக்குப் போய்விடலாம் என்று அவள் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். பதினொரு மணிக்கு என் கையைப் பிடித்து, “அக்கா, முடியல” என்றாள். வரவேற்பில் போய்க் கேட்டேன். “போயிட்டா மறுபடி தண்ணி குடிச்சு முதல்லேர்ந்து உட்காரணும்மா” என்றார்கள். கால்களைப் பின்னிக்கொண்டு, இரும்பு பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டபோது அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. உள்ளே போனதும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்ட குரல் வெளியில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. வெளியே வந்தவள் நேராகக் கழிப்பறைக்கு ஓடினாள். அப்புறம் பள்ளிக்குப் போகவில்லை.

அந்த ஸ்கேனே அவளுக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் என்னால் ஆற முடியாத விஷயம். அவள் பெரியவளானது 12 வயதில். 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடம் ஆகும்வரை இந்த நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேனை நம்பக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பைகூட ஸ்கேனில் நீர்க்கட்டி இருப்பது போலத் தெரியலாம். ஒழுங்கில்லாத மாதவிடாயும், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளமும் இரண்டும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கச் சொல்கிறார்கள். என் தங்கைக்கு மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளித்தான் வரும். தாடையில் முடி இருக்கிறது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து நாலு கேள்வி கேட்டிருந்தாலே பாதி தெரிந்திருக்கும். அந்த பெஞ்சில் இரண்டரை மணி நேரம் அவளை உட்கார வைத்திருக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரவில் பிரசவம் பார்த்துவிட்டு, காலையில் அதே கண்களோடு ஓபிக்கு வந்து உட்கார்கிறீர்கள். அதை மதித்துத்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்களுக்கு வந்திருப்பது எது என்று சொல்லுங்கள்.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லை மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? சித்தி போன் செய்து, “கட்டியை எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டார். பாட்டி அழுதார். அது கட்டியே இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முட்டை வளரும் சின்னச் சின்னப் பைகள், முழுதாக வளர்ந்து வெடிக்காமல் பாதியில் நின்றுவிடுகின்றன, அவைதான் ஸ்கேனில் கறுப்பு வட்டங்களாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். 1935-ல் சிகாகோவில் ஸ்டீன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களின் சினைப்பைகளைப் பார்த்து எழுதியதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததே நோயின் பெயராகிவிட்டது. இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்ற வேண்டும் என்று 2012-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது. பெயர் மாறுவது உங்கள் கையில் இல்லை, சரி. ‘இது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி இல்லம்மா’ என்று ஒரு வரி சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போது என் கதை. ‘எடையைக் குறைக்கவும்’ என்று மருத்துவரே எழுதியிருக்கிறாரே என்று நான் குறைத்தேன். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் ஒரு கரண்டி சோறு, இரவில் வெள்ளரிக்காய். தினமும் ஆறு கிலோமீட்டர் நடை. ஏழு மாதத்தில் 41 கிலோவுக்கு வந்தேன். என் உயரம் 158 சென்டிமீட்டர். மாத்திரை சாப்பிட்டவரை மாதவிடாய் வந்தது, நிறுத்தியதும் நின்றுபோனது. முன்பு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒரு முறையாவது வந்துகொண்டிருந்தது, ஐந்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. இன்னும் குறைக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து இரவுச் சாப்பாட்டையும் விட்டேன்.

எங்கள் அச்சகத்தில் அடிக்கும் மாதக் காலண்டரில் மாதவிடாய் வந்த நாள்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பது என் வழக்கம். மூன்று வருடத் தாள்களைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போவேன். மூன்று மருத்துவர்கள் அதை வெளியே எடுக்கக்கூடச் சொல்லவில்லை. நான்காவதாக மதுரையில் பார்த்த ஒரு மருத்துவர், “என்னம்மா பையில?” என்று கேட்டு, தாள்களை மேசையில் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு மாதமாக எண்ணினார். என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், தாடையில் முடி உண்டா, அம்மாவுக்குச் சுகர் உண்டா என்று கேட்டார். தைராய்டு, புரோலாக்டின், ஆண் ஹார்மோன் எல்லாம் பார்த்தார். பிறகு சொன்னார்: “உனக்கு ஆண் ஹார்மோன் கூடுதலா இல்ல. தேதி தள்ளிப்போறதும் ஸ்கேன்ல தெரியறதும் மட்டும்தான் இருக்கு. இப்ப உனக்கு மாதவிடாய் நின்னதுக்குக் காரணம் நீ சாப்பிடாததுதான். முதல்ல மூணு வேளையும் சாப்பிடு.” நடையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். நான்கு மாதம் கழித்துத் தானாக வந்தது. அன்றைக்கு அவரோடு நான் பேசியது பத்து நிமிடம் இருக்கும். முன்னாடியே யாராவது அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் என் ஒரு வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இதில் வகைகள் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் ராட்டர்டாம் நகரில் கூடி வகுத்த விதி உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஒழுங்காக முட்டை வெளிவராதது, ஆண் ஹார்மோன் கூடுவது, ஸ்கேனில் தெரியும் சினைப்பை, இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். மூன்றும் இருந்தால் ஏ, முதல் இரண்டு மட்டும் இருந்தால் பி, மாதவிடாய் ஒழுங்காக வந்தும் மற்ற இரண்டும் இருந்தால் சி, ஆண் ஹார்மோன் கூடாமல் மற்ற இரண்டும் இருந்தால் டி. ஏ, பி வகைகளில்தான் சர்க்கரைத் தொல்லைக்கு வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இத்தனையும் உங்களுக்குத் தெரிந்திருக்க, எங்கள் சீட்டில் மட்டும் ஏன் ஒரே சொல்?

நீங்கள் சொல்லாத இடத்தில் வேறு ஆட்கள் சொல்கிறார்கள். கைபேசியைத் திறந்தால், ‘உங்களுக்கு எந்த வகை? பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்’ என்கிறார்கள். இன்சுலின் வகை, அட்ரினல் வகை, அழற்சி வகை, மாத்திரையை நிறுத்தியதால் வந்த வகை என்று நான்கு பெயர். மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட பிரிவுகள் அல்ல அவை. கடைசியில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பொடி. நானும் வாங்கினேன். இங்கே அம்மா கழற்சிக்காயை உடைத்து மிளகோடு இடித்து மோரில் கொடுத்தார். பக்கத்து வீட்டு அத்தை மலைவேம்புச் சாறு கொண்டு வந்தார். யாரையும் நான் குறை சொல்லவில்லை, அவர்கள் அன்பில் கொடுத்தார்கள். ஆனால் இயற்கையாகச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு உங்களிடம் வந்தால், “அதெல்லாம் வேஸ்ட்” என்ற ஒரு சொல்லோடு அனுப்புகிறீர்கள். எது உதவும், எது உதவாது, யாருக்கு உதவும் என்று சொல்ல வேண்டியது நீங்கள்தானே?

தங்கை விஷயத்தில் இயற்கையாகச் செய்யக்கூடியது நிறையவே இருந்தது. அவள் பின்கழுத்து கறுத்திருக்கும். வகுப்பில் ‘அழுக்கு’ என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். அம்மா பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒருமுறை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அளவு கூடியதன் அடையாளம் என்று மதுரை மருத்துவர்தான் பிறகு சொன்னார். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. தாடையில் முடி அதனால்தான், மாதவிடாய் தள்ளிப்போவதும் அதனால்தான். எங்கள் அம்மாவுக்குச் சுகர். மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த அம்மாவின் மகளுக்கு, குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை எழுத வேண்டும் என்று மட்டும் முதலில் பார்த்தவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அவள் சோற்றை விடவில்லை, குவியலைத்தான் குறைத்திருக்கிறாள். முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ பொரியலோ, அப்புறம்தான் சோறு. நாலு மணி டீயில் சர்க்கரை இல்லை. சாப்பிட்டதும் மாடியில் கால் மணி நேரம் நடை. வாரம் இரண்டு நாள் நானும் அவளும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்கி உட்கார்ந்து எழுகிறோம். தசை வலுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்று அந்த மருத்துவர் சொன்னார். இந்த உணவுமுறைதான் சிறந்தது என்று எதையும் வழிகாட்டுதல் சொல்லவில்லை, விடாமல் செய்யக்கூடியதைச் செய்யச் சொல்கிறது. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. என்னைப் படுக்கையில் தள்ளிய அதே ‘எடையைக் குறை’ என்ற வரி, அவளுக்குச் சரியான மருந்து. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், அப்ப வாங்க” என்று என்னிடம் இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். படித்த நீங்களே இப்படிச் சொன்னால் நாங்கள் எங்கே போவது? குழந்தை வேண்டும் என்று வரும் நாள் வரைக்கும் எங்கள் உடம்பு உடம்பில்லையா? மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் போனால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதை அப்படியே விடக் கூடாது என்று யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. ‘வரலைன்னா தொல்லை இல்லை’ என்றே இருந்தோம். அரசுப் பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் தங்கைக்கு நாப்கின் தருகிறார்கள், நல்ல விஷயம். அவள் அலமாரியில் பிரிக்காத பாக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே போவதை யாரும் கேட்கவில்லை. தாடையை மறைத்துத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, தோழிகளோடு போட்டோ எடுக்காமல், இரவில் தூங்காமல் இருந்தாளே, மனசு எப்படி இருக்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. மனநிலையையும் கேட்கச் சொல்லி உங்கள் வழிகாட்டுதலில் இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். கேட்பது பெரிதில்லை. பெண்ணோடு பத்து நிமிடம் பேசுங்கள். அரைத் தாளில் தமிழில் எழுதுங்கள்: உனக்கு இருப்பது இது, இல்லாதது இது, இந்தப் பரிசோதனை இதற்காக, சாப்பாட்டில் உனக்கு மாற்ற வேண்டியது இது, இத்தனை நாள் வராவிட்டால் உடனே வா. மாத்திரை வேண்டும் என்றால் எதற்காக என்பதையும் எழுதுங்கள், மறுக்காமல் சாப்பிடுகிறோம். நேரம் இல்லை என்றால் உங்களிடம் இருக்கும் செவிலியரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

தங்கையை அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் இப்போது காலண்டரில் வட்டம் போடுகிறாள், பச்சை மையில். அந்தத் தாள்களைப் பையில் வைத்து அவளை அழைத்து வருகிறேன். தயவுசெய்து ஒருமுறை விரித்துப் பாருங்கள். அவளுக்கு வந்திருப்பது எது என்று என்னிடம் அல்ல, அவளிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா