திரைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: பதினொரு படங்களும் ஒரு விளங்காத நட்பும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்ற கணக்கில் பன்னிரண்டு திரையிடல்கள் நடந்திருக்க வேண்டும். பதினொன்றுதான் நடந்தன. ஒரு மாதம் புரொஜக்டர் விளக்கு போய்விட்டது. வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். பத்துப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. ஆண்டின் பேச்சு, சண்டை, உழைப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது மீதி ஒன்றுதான்.

‘மீ அண்ட் ஏர்ல் அண்ட் த டையிங் கேர்ள்’, 2015இல் வந்த அமெரிக்கப் படம். ஜெஸ்ஸி ஆண்ட்ரூஸ் தன் 2012ஆம் ஆண்டு நாவலுக்குத் தானே திரைக்கதை எழுத, அல்ஃபோன்சோ கோமஸ்-ரெஹோன் இயக்கினார். சண்டான்ஸ் விழாவில் அமெரிக்க நாடகப் பிரிவின் நடுவர் பெரும்பரிசு, பார்வையாளர் விருது இரண்டையும் அது வாங்கியது. துணைச் செயலாளர் முன்மொழிந்தபோது எதிர்த்தவன் நான். மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ரத்தப் புற்றுநோய் வந்த பள்ளி மாணவி என்றதும், நாம் பார்க்காத இருமலா, கைக்குட்டை ரத்தமா என்று கேட்டேன்.

அப்படி எதுவும் அதில் இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன் கிரெக். பள்ளியில் எந்தக் கூட்டத்திலும் சேராமல் எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு நழுவுகிறவன். சிறுவயதிலிருந்து கூடவே இருக்கும் ஏர்லைக்கூட நண்பன் என்று சொல்ல வாய் வராது. ‘சக பணியாளர்’ என்பான். அதிகம் பழகாத ரேச்சலுக்கு நோய் என்று தெரிந்ததும் அம்மா அவனை அவள் வீட்டுக்கு விரட்டுகிறாள். அவளுக்கோ அவன் பரிதாபம் வேண்டாம். அம்மா தொந்தரவு தாங்காமல்தான் வந்தேன் என்று உண்மையைச் சொன்ன பிறகுதான் உள்ளே விடுகிறாள்.

தமிழ் சப்டைட்டில் நாமே எழுதுவது என்று முடிவாயிற்று. ஆறு பேர் கொண்ட குழு. முதல் தகராறு, நட்பின் நாள்களை எண்ணிக்கொண்டே வரும் எழுத்துகளில் ‘டூம்ட் ஃப்ரெண்ட்ஷிப்’ என்பதற்கு என்ன போடுவது? ‘அழிவுக்கு விதிக்கப்பட்ட நட்பு’ என்றார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கிரெக் அப்படிப் பேசுகிற பையனா? கடைசியில் குழுவிலேயே இளையவர் சொன்ன ‘விளங்காத நட்பு’ நின்றது. ஆசிரியரும், சற்று முகம் சுளித்து, ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, கிரெக்கும் ஏர்லும் பழைய படங்களைக் கிண்டலடித்து எடுக்கும் படங்களின் பெயர்கள். ‘மிட்நைட் கவ்பாய்’ அவர்கள் கையில் ‘2:48 பி.எம். கவ்பாய்’ ஆகிறது, நள்ளிரவைப் பிற்பகலாக்கித் தப்பித்தோம். ‘சிட்டிசன் கேன்’ படத்தைக் கிண்டலடிக்கும் ‘சீனியர் சிட்டிசன் கேன்’ என்பதற்கு ‘மூத்த குடிமகன் கேன்’ என்று போட, குடிமகனுக்கு நம்மிடையே இருக்கும் இன்னொரு பொருளில் அரங்கம் சிரித்தது. குழுவின் திறமையாக வைத்துக்கொள்கிறோம். ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ படத்தில் கடிகாரத்துக்குப் பதில் காலுறையை (சாக்) நுழைத்த ‘எ சாக்வொர்க் ஆரஞ்சு’ மட்டும் எங்களை ஜெயித்துவிட்டது. திரையில் காலுறைப் பொம்மைகள் தெரிகின்றன, பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டோம்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தி முடியும்வரை காதைப் பொத்திக்கொள்ளலாம். அவள் சாகமாட்டாள் என்று கிரெக் நம்மிடம் சொல்கிறான். அது பொய். இதை ‘பிழைத்துவிடுவாள்’ என்று மென்மையாக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவன் நம்மை ஏமாற்றவில்லை, தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறான். வார்த்தை அப்பட்டமாக இருந்தால்தான் அது தெரியும். சிகிச்சையை நிறுத்தப்போவதாக ரேச்சல் சொல்லும் காட்சியில் கேமரா நெடுநேரம் அசையாது. அவள் முன்னால், அவன் தள்ளிப் பின்னால். அந்த நேரம் முழுக்க அரங்கில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

பிறகு நடந்த கலந்துரையாடலில் மருத்துவரான உறுப்பினர் ஒருவர், முடி கொட்டுவது நோயால் அல்ல, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்தால் என்று விளக்கினார். மயிர்க்கால் செல்களும் அந்த வகையாம். இன்னொரு உறுப்பினர், ஒரு பெண் செத்துத்தான் ஒரு பையன் திருந்த வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் போன பின்பு அவள் அறையில், புத்தகங்களின் தாள்களை வெட்டி அவள் செதுக்கி வைத்திருந்த உருவங்களை அவன் கண்டுபிடிக்கிறான். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவன் அவளை முழுதாகப் பார்க்கவில்லை என்று படமே ஒப்புக்கொள்வதாக நான் நினைக்கிறேன். கேட்டவருக்கு அது போதவில்லை; இன்னும் என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.

திரையிடலின் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டார். காரணம் கேட்கவில்லை. இனி இப்படிப்பட்ட படங்களுக்கு, கடும் நோயைப் பற்றிய படம் என்று அறிவிப்பிலேயே போடுவது, முடிவைச் சொல்வதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புது புரொஜக்டர் விளக்கு அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்