போல்டர் திறக்காவிட்டால் எல்லோருக்கும் திறந்துவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டக் காரியாலயம், பிரதேச சபை, கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அலுவலகம் என்று மலையகத்தில் எங்கு போனாலும் இன்று வேலை நடப்பது ஒரு சேர்வரிலுள்ள (எல்லோருக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் கணனி) பகிர்வு போல்டரை நம்பித்தான். தொழிலாளரின் வரவுப் பதிவேடான செக்ரோல், கொழுந்து நிறைக் கணக்கு, சம்பளப் பட்டியல், அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டிய ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 10ஆம் திகதி சம்பளம் என்றால் 8ஆம் திகதி காலையில் அந்தப் போல்டர் திறக்காமல் போவது சிறிய விஷயமல்ல. அந்த அவசரத்தில் பல இடங்களில் மூன்று காரியங்கள் செய்யப்படுகின்றன: வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை முழுவதுமாக நிறுத்துகிறார்கள், போல்டருக்கு 'எவ்ரிவன் – ஃபுல் கன்ட்ரோல்' (எல்லோருக்கும் முழு அதிகாரம்) கொடுக்கிறார்கள், வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறையின் பழைய பதிப்பான, விண்டோஸ் கைவிட்ட எஸ்எம்பி 1ஐத் திரும்பவும் போடுகிறார்கள். போல்டர் திறந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணி, யாரும் பழைய நிலைக்கு மாற்றுவதில்லை.

இது ஆபத்தான பழக்கம். 2017 மே மாதம் உலகெங்கும் கணனிகளை முடக்கிய வன்னகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்), எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதையே விட்டுவிட்டது. 'எவ்ரிவன்' என்று திறந்த போல்டரில், ஒரே ஒரு கிளார்க்கின் கணனியில் ரான்சம்வேர் புகுந்தாலும் அந்தப் போல்டரிலுள்ள எல்லாக் கோப்புகளும் பூட்டப்படலாம். தொழிலாளரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அதில்தான் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இப்படி வைத்திருப்பது சரியாகாது.

போல்டர் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டியது: ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எல்லோருக்கும் என்றால் சேர்வர், கணனிகளின் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச், இன்டர்நெட்டைக் கொண்டுவரும் ரவுட்டர் மூன்றில் ஒன்றில் கோளாறு. ஒருவருக்கு மட்டும் என்றால் அவரைப் பக்கத்துக் கணனியில் அவருடைய சொந்தப் பெயரிலேயே நுழையச் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கேயும் திறக்காவிட்டால் கோளாறு அவருடைய கணக்கில். திறந்தால் அவருடைய கணனியில். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமலே சேர்வரில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது திரையில் வரும் பிழை எண். அதை மூடிவிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். 53 அல்லது 80070035 என்று முடியும் எண் வந்தால் கணனி சேர்வரை எட்டவே இல்லை. 67 என்றால் பெரும்பாலும் போல்டரின் பகிர்வுப் பெயரில் பிழை. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 1219 என்றால் அதே சேர்வரோடு வேறொரு பெயரில் ஏற்கெனவே தொடர்பு இருக்கிறது. 5, அதாவது 'ஆக்சஸ் டினைட்' என்றால், சேர்வர் ஆளை அறிந்துகொண்டது, அனுமதிதான் இல்லை. 71 வந்தால் ஒரே நேரத்தில் இணையக்கூடிய எண்ணிக்கை தாண்டிவிட்டது. சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணனியையே சேர்வராக வைத்திருந்தால் அந்த எல்லை 20. ஆக, 53 வந்த இடத்தில் 'எவ்ரிவன்' கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. 5 வந்த இடத்தில் கேபிளை மாற்றுவதும் வீண்.

மலையகத்தில் 53தான் அதிகம் வருகிறது. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மழை பெய்து ரவுட்டர் எரிந்துபோகிறது. புதிய ரவுட்டர் வைத்ததும் இன்டர்நெட் வந்துவிடும், போல்டர் மட்டும் வராது. விண்டோஸ் புதிய ரவுட்டரைப் புதிய நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு அதற்கு 'பப்ளிக்' என்ற அடையாளத்தைப் போட்டுவிடுவதுதான் காரணம். பப்ளிக் என்றால் பகிர்வுக்கான வழியை ஃபயர்வால் மூடிவிடும். சேர்வராக உள்ள கணனியில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போய் 'ப்ரைவேட்' என்று மாற்றினால் போதும். ஃபயர்வாலை நிறுத்தவே தேவையில்லை. சரியாகிவிட்டதா என்று பார்க்க சேர்வர் பதில் தருகிறதா என்று கேட்கும் பிங் கட்டளை மட்டும் போதாது. பிங்குக்குப் பதில் வந்தும் பகிர்வு மூடிக் கிடக்கலாம். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) கட்டளையைச் சேர்வரின் பெயரோடும், பகிர்வுக்கான வழியான போர்ட் 445 என்றும் கொடுத்து, கடைசி வரியில் 'ட்ரூ' வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஃபைபர் லைன் அறுந்த நாட்களில் நடப்பது. மண் சரிந்தோ மரம் விழுந்தோ லைன் போய்விட்டால், இருக்கிற ஒரு 4ஜி ரவுட்டரின் வைஃபைக்கு எல்லோரும் மாறிக்கொள்கிறார்கள். மின்னஞ்சல் வருகிறது, ஆகவே நெட்வொர்க் நன்றாக இருப்பதாக நம்புகிறார்கள். ஆனால் சேர்வரின் ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கணனிக்கும் உள்ள எண்) 192.168.1 என்று தொடங்கும்போது அவர்களுடைய கணனி 192.168.8இல் நிற்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகன்ஃபிக் (ipconfig) கொடுத்து முதல் மூன்று எண்களும் சேர்வரின் முகவரியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிலிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். 4ஜிக்கு மாறும்போது சுவிட்சுக்குப் போகும் கேபிளைக் கழற்றக்கூடாது. அது செருகியிருக்கும்வரை சேர்வர் அந்த வழியாகக் கிடைக்கும். அந்த 4ஜி ரவுட்டரைக் கொண்டுபோய் அப்படியே சுவிட்சில் செருகுவது அதைவிட மோசம். இரண்டு ரவுட்டர்களும் ஆளுக்கொரு பக்கம் முகவரி கொடுக்க, பாதிக் கணனிகள் சேர்வரைத் தொலைத்துவிடும்.

ஐபி எண்ணைத் தட்டினால் திறக்கிறது, பெயரைத் தட்டினால் திறக்கவில்லை என்றால் சிக்கல் பெயரில்தான்; எண்ணைக் கொண்டே வேலையைத் தொடரலாம். அதற்கு, சேர்வரின் முகவரி ரவுட்டர் திரும்ப எழும்பும்போதெல்லாம் மாறாதபடி, அதன் மேக் எண்ணுக்கு (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) ஒரு நிலையான முகவரியை ரவுட்டரில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

தோட்டங்களில் காரியாலயத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் இழுக்கும் கேபிள் பற்றியும் சொல்லியாக வேண்டும். செப்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டினால் போல்டர் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. பெரிய கோப்பு பாதியில் நிற்கும். தூரம் குறைவென்றாலும் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் வெளியே போகும் செப்புக் கம்பி மின்னலை உள்ளே கொண்டுவரும். இரு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் (செப்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) வைத்து ஃபைபர் இழுப்பதே சரி. எரிந்த சுவிட்சுகளின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிதல்ல.

வழி சரியாக இருந்து ஆளைத்தான் சேர்வர் ஏற்கவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டியது அவர் கொடுப்பது பின் (PIN) எண்ணா என்று. கணனிக்குள் நுழையும் நான்கு இலக்கப் பின் அந்தக் கணனிக்கு மட்டுமே உரியது; வலையமைப்பில் கடவுச்சொல்தான் செல்லும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது. சேர்வரில் கடவுச்சொல்லை மாற்றியபின் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் கிடக்கும் பழையதை அழிக்காவிட்டால், கணனி அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கணக்கைப் பூட்டிவிடும். 1219க்கு, நெட் யூஸ் (net use) கட்டளையால் இருக்கும் தொடர்புகளைப் பார்த்து, பழையதை நீக்கிவிட்டுச் சரியான பெயரில் இணைய வேண்டும்.

டொமைன் (எல்லாப் பயனர் கணக்குகளையும் சேர்வரே நிர்வகிக்கும் முறை) வைத்திருக்கும் காரியாலயங்களில் கடிகாரமும் காரணமாகலாம். சேர்வருக்கும் கணனிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஆளை உறுதிப்படுத்தும் கேர்பரோஸ் முறை ஏற்காது. கரண்ட் போய் வந்தபின் ஒரு கணனியின் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றாமல் நேரத்தை மட்டும் திருத்தினால் அடுத்த மின்வெட்டோடு அதே பிரச்சினை.

அனுமதி விடயத்தில்தான் அதிகக் குழப்பம். பகிர்வு அனுமதி வாசற்கதவு, டிஸ்க்கிலுள்ள போல்டருக்கும் கோப்புக்கும் கொடுக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி உள்ளறைக் கதவு. வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஆகவே பகிர்வில் 'ரீட்' மட்டும் இருக்கும்போது உள்ளே என்னதான் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தாலும் கோப்பைச் சேமிக்க முடியாது. ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்காமல் 'சம்பளம் எழுதுவோர்', 'சம்பளம் பார்ப்போர்' என்று குழுக்கள் அமைத்து அவற்றுக்குக் கொடுக்க வேண்டும். குழுவில் ஒருவரைச் சேர்த்தபின் அவர் லொக் ஓஃப் செய்து மறுபடி நுழையும்வரை அது பலிக்காது. இதை அறியாமல், சேர்த்தும் திறக்கவில்லையே என்று 'எவ்ரிவன்' கொடுத்துவிடுகிறார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்பு பழைய போல்டரின் அனுமதியோடு போகும். பிரதி எடுத்தால் புதிய போல்டரின் அனுமதியைப் பெறும். ஒரு போல்டரில் ஒரேயொரு கோப்பு மட்டும் திறக்க மறுத்தால் இதை நினைக்க வேண்டும். யாருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்ற இடத்தில் ஒரு பெயரைக் கொடுத்தே பார்க்கலாம்.

பகிர்வு போல்டருக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து இணைத்து, எக்ஸ்ப்ளோரரில் தெரியும் டிரைவ் சம்பள மென்பொருளுக்குள் மட்டும் தெரியாவிட்டால், அந்த மென்பொருள் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் திறக்கப்பட்டிருக்கும். சாதாரண நுழைவில் இணைத்த டிரைவ் அட்மினிஸ்ட்ரேட்டர் நுழைவுக்குப் புலப்படாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாகச் சேர்வரின் முழுப் பாதையைக் கொடுத்தால் தீரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்ததால் காரியாலயங்கள் 11க்கு மாறுகின்றன. அதன் 24எச்2 பதிப்பின் புரோ வகை, எஸ்எம்பி கையொப்பத்தை (தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்ற உறுதி) கட்டாயமாக்கி, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் நிறுத்திவிட்டது. நேற்றுவரை திறந்த பழைய நாஸ் பெட்டி (வலையமைப்பில் நேரடியாக இணையும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) புதிய கணனியில் திறக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பைக் கழற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நாஸ் பெட்டியின் உள் மென்பொருளான ஃபேர்ம்வேரைப் புதுப்பித்து, ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லோடு கணக்குத் திறந்து, குறைந்தபட்சப் பதிப்பை எஸ்எம்பி 2 அல்லது 3 என்று வைத்தால் பெரும்பாலானவை வேலை செய்யும்.

நாஸ் பெட்டிகளில் தமிழ்ப் பெயர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பல பெட்டிகள் பாவிக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாதலால், மொத்தம் 85 குறிகளுக்குள் பெயர் முடிய வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மாதம், பட்டியலின் தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் பெயர் கிளார்க்கின் கணனியில் சேமிக்கப்படும், பெட்டிக்குப் பிரதி எடுக்கும்போது மட்டும் மறுக்கும். அனுமதிப் பிரச்சினை என்று அலைய வேண்டாம். பெயரைச் சுருக்கினால் போதும்.

பகிர்வு போல்டரிலிருந்து அழித்த கோப்பு அழித்தவரின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதையும் எல்லா உத்தியோகத்தர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சேர்வரில் கோப்புகளின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் ஷேடோ கொப்பியை இயக்கி, வெளி டிஸ்க் ஒன்றிலும் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் வைப்பது நல்லது.

ஏற்கெனவே எல்லாவற்றையும் திறந்துவிட்ட காரியாலயங்கள் அதைத் திருப்பி மூட ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். முதலில் முழுப் பிரதி எடுக்க வேண்டும். பிறகு இப்போதுள்ள அனுமதிகளை ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையின் 'சேவ்' வசதியால் ஒரு கோப்பில் பதிந்து வைக்க வேண்டும். பிழை ஏற்பட்டால் அதிலிருந்து மீட்கலாம். குழுக்களை அமைத்துப் பகிர்வில் 'சேஞ்ச்' அனுமதியும், என்டிஎஃப்எஸ்ஸில் தேவைக்கேற்ப 'மொடிஃபை' அல்லது 'ரீட்' அனுமதியும் கொடுத்தபின்னரே 'எவ்ரிவன்' பெயரை நீக்க வேண்டும். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு கொடுக்கப் போனால் நடுவில் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஃபயர்வாலின் மூன்று பகுதிகளையும் (டொமைன், ப்ரைவேட், பப்ளிக்) திரும்ப இயக்கி, விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1இன் குறியை எடுத்துவிட்டு, சேர்வரை மறுபடி தொடங்க வேண்டும். பழைய போட்டோகொப்பி இயந்திரங்கள் சிலவற்றுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். போல்டருக்கு ஸ்கேன் செய்யும் இயந்திரம் இருந்தால் அன்றைக்கே ஒரு தாளை வைத்துச் சோதித்து, அனுப்பவில்லையென்றால் ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்கவோ மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பிக்கோ மாற்றிவிடவோ வேண்டும்.

இப்படிக்கு,
அலுவலக வலையமைப்புப் பராமரிப்பில் உள்ளோர்,
ஹட்டன்.