பைன் விறகின் மீது சுமத்தப்படும் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவின் நாட்டுப்புறங்களில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள், விறகு அடுப்பில் மேப்பிள், ஓக் போன்ற வன்மரங்களையே எரிக்க வேண்டும், பைன் எரித்தால் அதன் பிசின் புகைபோக்கியில் படிந்து தீப்பிடிக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன்.

ஆனால் பழி பைனின் பிசின் மீதல்ல. புகைபோக்கியில் படிந்து தீப்பிடிப்பது கிரியோசோட் என்னும் கரிய தார்; அது, எந்த மரமானாலும், முழுமையாக எரியாத புகை குளிர்ந்து உறைவதாலேயே உண்டாகிறது. ஆகையால், காற்றுவழியை அடைத்து, ஈரமான ஓக்கை இரவு முழுதும் புகையவிடும் வீட்டில்தான் ஆபத்து அதிகம். எந்த மரமானாலும் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்து அடுக்கிய பைன் ஒரு கோடையில் அந்நிலையை எட்டிவிடும். ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம்.

எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன. ஆனால் விறகை நாம் நிறுத்து வாங்குவதில்லை, அடுக்கின் அளவைக்கொண்டு வாங்குகிறோம். அடர்த்தி மிகுந்த வன்மரம் அங்கேதான் முந்துகிறது, தணலும் அதில்தான் நெடுநேரம் நிற்கிறது. (விற்பவர் சொல்லும் ‘கோர்டு’ என்னும் விறகு அளவு 128 கன அடி கொண்ட முழு அடுக்கா, அதில் மூன்றிலொரு பங்கா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, கேட்காமல் ஏமாந்தவன் நான்.)

சனவரி இரவுகளுக்கு மேப்பிளை ஒதுக்கிவைத்து, அக்டோபர் மாலைகளின் இளங்குளிருக்குப் பைனை எரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வன்மரம் அரிதான பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் விறகைக்கொண்டே தலைமுறைகளாகக் குளிர்காலத்தைக் கடத்தி வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒன்ராறியோ வாசகன்