சுந்தரத்துக்கு, அந்த ஆயில் ஃபில்டரைக் கழற்றும் முன்

ராஜபாளையம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருக்கிற படத்தைக் கமலா தெருவுக்கே காட்டிவிட்டாள். எனக்கு மூட்டுவலி பரவாயில்லை, மாடி ஏறுவதுதான் சிரமம்.

ஆனால் கார் விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் எழுதி, ‘நேரம் சரியில்லை’ என்று முடித்துவிட்டாயே, அதுதான் மனசு ஆறவில்லை. மதுரையில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு பட்டறையில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியிருக்கிறாய். மறுநாள் ஊர் திரும்பும்போது கோவில்பட்டி தாண்டி இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகி நின்றிருக்கிறது. இதில் நேரம் எங்கே வந்தது?

வண்டிக்கு அடியில் முன்பக்கம் தொடங்கி டிக்கி வரை ஆயில் அப்பியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், புகை விடும். ஒரேயடியாக வெளியே கொட்டாது. இன்ஜின் பிளாக்கில் ஓட்டை விழவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே முறுக்கினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். பட்டறையில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒழுகாமலும் இருக்கலாம். ரோட்டில் வேகம் பிடித்து ஆயில் அழுத்தம் ஏறும்போது ஒரு வளையம் பிதுங்கி வெளியே வரும். அப்புறம் ஆயில் தேங்குகிற சம்ப் காலியாக எவ்வளவு நேரம் ஆகும்? பேரிங் காய்ந்து, அது தாங்குகிற கிராங்க் தண்டைப் பிடித்துக்கொள்ளும். டிப்போவில் புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார், வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு குடும்பத்தை ரோட்டுக்கு அனுப்பியிருந்தால் எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? உள்ளே குழந்தை இருந்ததே!

‘வண்டியை அனுப்புங்க, பிரிச்சுப் பாத்து சொல்றோம்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்களாமே, அனுப்பவே அனுப்பாதே. பிரித்த பிறகு எந்த வளையம் எங்கே இருந்தது என்று யார் சாட்சி சொல்வது? கூலி பாக்கி என்று வண்டியைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிற, சம்பந்தமில்லாத ஒரு மோட்டார் சர்வேயரைக் கூப்பிடு. பட்டறைக்காரருக்கும் நாள் குறித்துத் தகவல் கொடு, வரட்டும். எல்லார் முன்னாலும் ஃபில்டரைக் கழற்றி வீடியோ எடு. இரண்டு வளையம் இருந்தால் பேச்சு முடிந்தது. ஒரே வளையம்தான், ஆயிலை வடிக்கிற ட்ரெயின் பிளக்கும் இறுக்கமாக இருக்கிறது, வேறு எங்கோ உடைந்திருக்கிறது என்றால் அவர்கள் மேல் பழி போடக் கூடாது. ரிப்பேருக்கு மறுநாள் கெட்டது என்பதாலேயே ரிப்பேரால்தான் கெட்டது என்று ஆகிவிடாது.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகும் மாப்பிள்ளை ஓட்டினாரே என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மறைக்காதே. எரிந்ததும் ஓரம் கட்டப் பார்த்தார், அதற்குள் நின்றுவிட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுது. அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போதே பேரிங்குக்குப் போதுமான ஆயில் போவது நின்றிருக்கும். ‘1,10,000 கிலோமீட்டர் ஓடின வண்டி’ என்பதும் பதில் ஆகாது. அதைச் சொல்லி நஷ்டஈட்டுத் தொகையில் வேண்டுமானால் பேரம் பேசலாம். ‘பையன் செஞ்சது’ என்பதும் செல்லாது, பில் போட்டவர்தான் பொறுப்பு. வேலைக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளை, பொறுப்புள்ள ஒருவன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்க்க வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஃபில்டர் காசைத் திருப்பித் தருகிறோம் என்றால் வாங்காதே. இன்ஜின் வேலை, டோ வண்டிக் கூலி எல்லாம் சேர்த்துக் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பு. இன்சூரன்ஸை நம்ப வேண்டாம், சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது. அவர்கள் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்காக மதுரைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே, திருநெல்வேலியிலேயே மனுக் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பில்லும், பட்டறை வேலையைக் குறித்துக் கொடுக்கிற ஜாப் கார்டும் பத்திரம், அதில் மீட்டர் கிலோமீட்டர் எழுதியிருக்கிறதா பார்.

சர்வேயர் வரும் நாளைச் சொல், நானும் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுகிறேன். ஃபில்டர் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. தங்கச்சியிடம் அன்று சமையலுக்கு மெனக்கெட வேண்டாம் என்று சொல், கமலா புளியோதரை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ராமு