கோர் கரையிலிருந்து வாப்பாவுக்கு

துபை, 25.6.1998

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். டிராப்ட் காக்கா பெயருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அமெரிக்காவுக்கும் ஈராக்குக்கும் சண்டை வந்துவிடும், ஊருக்கு வா என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியில் எங்களுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பாக்தாத் போய் சதாமிடம் பேசி வந்தபிறகு அடங்கிவிட்டது.

எங்கள் கடை துபையின் தேரா பகுதியில், கோர் என்கிற கடற்கழி ஓரம். கரை நெடுக லாஞ்சுகள்தான், சரக்கு ஏற்றும் மரக்கலங்கள். டயர், ஃபிரிட்ஜ், ஏசி, சிகரெட் எல்லாம் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு ஏறும். பில் போட்டு, சரக்கை எண்ணிவிடுவது என் வேலை. ஈரானோடு வியாபாரமே கூடாதென்று 1995-ல் கிளின்டன் தடை போட்டார். அமெரிக்கச் சரக்கு இந்தக் கரையில் இறங்கி, லாஞ்சு மாறி அக்கரை போகிறது. விலைதான் கூடும். அந்தக் கூடுதலில்தான் என் சம்பளமும்.

ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் அடித்துக்கொண்டபோது அமெரிக்காவுக்குக் கொண்டாட்டம், ஊர் ரெண்டுபட்ட கதைதான். 1993-லிருந்து இரண்டையும் ஒடுக்கி வைக்க அமெரிக்கா சேர்த்தே வேலி போட்டிருக்கிறது. ஈராக் பக்கம் இறுக்கம்: எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க வழி பிறந்ததே 1996 டிசம்பரில்தான். சதாம் அரண்மனையில் இருக்கிறார், பட்டினி ஜனத்துக்கு. ஈரான் பக்கமோ எங்கள் கோர் அகலத்துக்கு ஓட்டை. பிரான்ஸின் டோட்டல் கம்பெனி கூட்டாளிகளோடு 200 கோடி டாலருக்கு ஈரானில் எரிவாயு ஒப்பந்தம் போட்டது. தண்டிக்கச் சட்டம் இருந்தும் போன மாதம் அமெரிக்கா விட்டுவிட்டது.

அமெரிக்க அதிபர்களுக்குப் பாதுகாப்பு ஆலோசகர்களாக இருந்த பிரெசின்ஸ்கியும் ஸ்கோக்ராஃப்டும் போன வருஷமே, இரண்டு நாட்டையும் ஒரே தராசில் நிறுக்காதே, ஈரானோடு கொடுக்கல் வாங்கலுக்கு வழி பார் என்று எழுதினார்கள். நாற்காலியை விட்டு இறங்கினால்தான் புத்தி தெளியும் போல! ஈரானில் கத்தமி அதிபராக வந்தபிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட் அம்மையாரும் போன வாரம் இணக்கமாகப் பேசியிருக்கிறார்.

ஞாயிறு ராத்திரி உலகக்கோப்பையில் ஈரான் 2-1 என்று அமெரிக்காவை ஜெயித்தது. ஆட்டத்துக்கு முன் ஈரான்காரர்கள் வெள்ளை ரோஜா கொடுத்தார்களே, டிவியில் காட்டினார்களா? மறுநாள் ஈரான் லாஞ்சு ஒன்றின் நகுதா (தலைவர்) கடைக்கே மிட்டாயோடு வந்தார். "ரெண்டு பேரும் சமாதானமாகிவிட்டால் அமெரிக்கக் கப்பல் நேரே பந்தர் அப்பாஸுக்கு வந்துவிடுமே, நீ என்ன செய்வாய்?" என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மாடி கான்கிரீட்டை நோன்புக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள் வாப்பா. பணம் அனுப்புகிறேன்.

துஆ செய்யவும்.
உங்கள் மகன்